செய்பவரைக் குறிக்கும் விகுதி: பல மொழிகளில் அதைத் தேடிப் பிடிப்பது எப்படி?

பால்காரர், எழுத்தாளர், ஓட்டுநர், நோயாளி, மரங்கொத்தி. இந்த ஐந்து சொற்களிலும் முக்கியமான வேலையைச் செய்வது கடைசித் துண்டுதான். ஒரு பொருளையோ செயலையோ எடுத்துக்கொண்டு, அதைச் செய்கிறவர், அதை வைத்திருக்கிறவர், அதனால் அறியப்படுகிறவர் என்று ஆளாகவோ உயிராகவோ மாற்றித் தருகிறது. ஏராளமான மொழிகளில் இதற்கு ஏதோ ஒரு ஏற்பாடு இருக்கிறது. மொழியியலில் புதிதாக நுழைகிறவர்கள் ஒரே ஒரு விகுதியைப் பல மொழிகளில் தேடிப் பார்க்க விரும்பினால், இதிலிருந்து தொடங்கச் சொல்வேன். சொற்கள் எல்லாம் அன்றாடம் புழங்குபவை. சான்றுகளுக்குப் பஞ்சமே வராது.

பலரும் முதலில் அகராதியைத் திறந்து விகுதியின் பொருளைப் பார்க்கிறார்கள். 'செய்பவர்' என்று ஒற்றை வரி இருக்கும். அதை மட்டும் வைத்து ஆறு மொழிகளை ஒப்பிட்டால் ஆறும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேறுபாடுகளை வெளியே கொண்டுவருபவை இரண்டு கேள்விகள். இந்த விகுதி எதன்மேல் ஒட்டுகிறது? இன்றைக்கும் புதுச் சொல்லை ஆக்குகிறதா? கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றியே போகும்.

படி 1: சொல்லாக்க விகுதிதானா என்று உறுதி செய்யுங்கள்

சொல்லின் கடைசியில் ஒட்டுவதெல்லாம் சொல்லாக்க விகுதி ஆகாது. 'வேலைக்காரர்களை' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: வேலை, காரர், கள், ஐ. 'காரர்' ஒரு புதுச் சொல்லை உண்டாக்குகிறது. வேலை வேறு, வேலைக்காரர் வேறு. 'கள்', 'ஐ' இரண்டும் இருக்கிற சொல்லை வாக்கியத்துக்குத் தயார் செய்கின்றன, அவ்வளவுதான். பொதுவாகச் சொல்லாக்க விகுதி பகுதிக்கு, அதாவது அடிச்சொல்லுக்கு, அருகில் உட்காரும்; பன்மையும் வேற்றுமை உருபும் அதற்கு வெளியே வரும். தெரியாத மொழியிலும் இந்த வரிசையைப் பார்த்தாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 2: சொந்த மொழியில் முதலில் சொற்களைச் சேருங்கள்

அடுத்த மொழிக்குப் போவதற்கு முன் தமிழில் ஒரு முப்பது நாற்பது சொற்களாவது கையில் இருக்கட்டும். கணினியில் தேடுகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். '-காரர்' மெய்யெழுத்தில் தொடங்குவதால் அப்படியே தேடலாம். '-ஆளர்' அப்படி அல்ல. ஒட்டியவுடன் ஆகாரம் கால் குறியாக மாறிவிடும். எனவே 'ாளர்' என்று தேடினால்தான் எழுத்தாளரும் பேச்சாளரும் வருவார்கள். 'மரங்கொத்தி'யில் உள்ள '-இ' இன்னும் கடினம், எந்த மெய்யின் மேலும் கொக்கியாக ஏறி நிற்கும். அதற்குச் சொற்பட்டியலைக் கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கி அகரவரிசைப்படுத்திவிட்டு, கண்ணால்தான் பொறுக்க வேண்டும்.

பொறுக்கும்போது போலிகளும் வரும். 'அதிகாரி' என்பதில் 'காரி' இருக்கிறதே என்று 'வேலைக்காரி' பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். அது அதிகாரம் என்பதிலிருந்து வருவது; அதிகாரன் என்று ஓர் ஆண்பால் சொல் கிடையாது. யாளியில் '-ஆளி' இல்லை. ஆங்கிலத்தில் ஃபிங்கர், ஹேமர் இரண்டும் டீச்சர் போலவே முடிகின்றன. ஆனால் விரலுக்குப் பின்னால் 'ஃபிங்' என்று ஒரு வேலையும் இல்லை, சுத்தியலுக்குப் பின்னால் 'ஹேம்' என்று ஒரு செயலும் இல்லை. விகுதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தனியே பொருள் தருகிறதா, அதே விகுதி வேறு சொற்களிலும் அதே வேலையைச் செய்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால் மட்டும் பட்டியலில் சேருங்கள்.

படி 3: எதன்மேல் ஒட்டுகிறது?

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். அவசரப்படாதீர்கள்.

தமிழில் '-நர்' வினையடியின் மேல் ஒட்டுகிறது: ஓட்டு, இயக்கு, பெறு, அனுப்பு, பயிற்று. '-ஆளர்' பெயரின் மேல்: செய்தி, பணி, வாக்கு. 'எழுத்தாளர்' கூட எழுது என்ற வினையிலிருந்து நேரே வரவில்லை. எழுது முதலில் எழுத்து ஆகி, அப்புறம்தான் '-ஆளர்' சேர்கிறது. பேச்சாளரும் அப்படித்தான். '-காரர்' பெயரை மட்டுமே ஏற்கும். 'ஓட்டுக்காரர்' என்று சொன்னால் காதுக்கு வாக்கும் கூரை ஓடும்தான் நினைவுக்கு வருகின்றன, ஓட்டுதல் வருவதில்லை.

பெயர் என்றால் எந்த வடிவம்? வண்டிக்காரர், வேலைக்காரர் ஆகியவற்றில் ஒற்று மிகுகிறது. பால்காரர், கடன்காரர் ஆகியவற்றில் மிகவில்லை. மகர ஈற்றுச் சொற்களில் இன்னும் சுவையான பிளவு உண்டு. பணம், கோபம் என்பவை மகரத்தை இழந்து பணக்காரர், கோபக்காரர் ஆகின்றன. கிராமம், பட்டணம் என்பவை 'அத்து'ச் சாரியை வாங்கிக்கொண்டு கிராமத்துக்காரர், பட்டணத்துக்காரர் ஆகின்றன. இடத்தைச் சேர்ந்தவர் என்றால் ஒரு வடிவம், தொழிலோ குணமோ உடைமையோ என்றால் வேறு வடிவம். 'தோட்டம்' இரண்டையும் ஏற்கிறது: தோட்டக்காரர் செடிகளைப் பராமரிப்பவர், தோட்டத்துக்காரர் அந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவர் அல்லது அதற்குச் சொந்தக்காரர். அகராதியில் விகுதிக்கு எதிரே எழுதியிருக்கும் பொருளைப் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. ஒட்டும் இடத்தைப் பார்த்தால் தானாகத் தெரிகிறது.

சரி, இதே கேள்வியோடு இந்தியின் 'வாலா'விடம் போங்கள். பெயர்மேல் ஒட்டும்: தூத்வாலா, பால்காரர். ஊர்ப்பெயர்மேல் ஒட்டும்: தில்லிவாலா. 'லால்வாலா' என்றால் 'சிவப்பாக இருப்பது' என்று பொருள், ஆக நிறச்சொல்லையும் விடவில்லை. வினையின்மேலும் ஏறும்: 'ஜானேவாலா' போகிறவர், அல்லது போகப்போகிறவர். நம் '-காரர்' போக முடியாத இடங்களுக்கெல்லாம் வாலா போகிறது. பால்காரரையும் தூத்வாலாவையும் மட்டும் பார்த்து இரண்டும் ஒன்று என்று எழுதியிருந்தால் இந்த வேறுபாடு கைநழுவிப் போயிருக்கும்.

படி 4: உயிரோடு இருக்கிறதா?

சில விகுதிகள் பழைய சொற்களில் உறைந்துபோய் நிற்கும். சில இன்றைக்கும் புதுச் சொல்லைப் பெற்றெடுக்கும். ஆட்டோ வந்ததும் யாரும் கூடி முடிவு செய்யாமலே ஆட்டோக்காரர் வந்துவிட்டார். '-காரர்' உயிரோடு இருப்பதற்கு அதுவே சாட்சி.

இதைச் சோதிக்க அழகான ஒரு வழியை, குழந்தைகளின் மொழியை ஆராய்ந்த அமெரிக்கர் ஜீன் பெர்க்கோ 1958இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வினையைக் கற்பனையாக உண்டாக்கி, 'ஸிப்' செய்வதையே தொழிலாகக் கொண்டவரை எப்படி அழைப்பீர்கள் என்று கேட்டார். பெரியவர்கள் 'ஸிப்பர்' என்றார்கள். சிறு குழந்தைகள் சிலர் 'ஸிப்மேன்' என்று இரண்டு சொற்களைக் கூட்டினார்கள். விகுதி என்பது மனப்பாடம் செய்த பட்டியல் அல்ல, பேசுகிறவர் மனத்தில் இயங்கும் விதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? குழந்தைகள் கூட்டுச்சொல்லை முதலில் கைக்கொள்கிறார்கள் என்பதும் இதில் கிடைக்கும் கூடுதல் செய்தி.

தமிழிலும் செய்து பாருங்கள். 'திலுப்பு' என்று ஒரு பொருள் இருப்பதாகச் சொல்லுங்கள். அதை விற்பவர் யார் என்று கேளுங்கள். 'திலுப்புக்காரர்' என்று வந்தால் விகுதி உயிரோடு இருக்கிறது. 'திலுப்பாளர்' என்று வந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள், பதில் சொன்னவர் பேச்சுத் தமிழில் சொன்னாரா அறிக்கைத் தமிழில் சொன்னாரா என்பதையும் சேர்த்து. இரண்டு விகுதிகளுக்கும் மதிப்பில் வேறுபாடு உண்டு. பத்திரிகையாளர் என்றால் எழுதுகிறவர் மட்டும். பத்திரிகைக்காரர் என்றால் எழுதுகிறவராகவும் இருக்கலாம், காலையில் வீட்டுக்கு வீடு போடுகிறவராகவும் இருக்கலாம்.

படி 5: இரண்டாவது மொழியை எடுங்கள்

முதல் முறை ஒப்பிடுகிறவர்களுக்கு நான் துருக்கியைப் பரிந்துரைப்பேன். தமிழைப் போலவே பகுதியின் பின்னால் ஒட்டுகளை வரிசையாக அடுக்கும் மொழி. துண்டுகளைப் பிரிப்பது சுலபம்.

அதன் விகுதி '-ஜி'. உயிரொலி இசைவுப்படி, முன்னால் உள்ள உயிருக்கு ஏற்ப நான்கு விதமாக மாறும். முன்னால் வல்லொலி இருந்தால் '-ஜி' '-ச்சி' ஆகும். ஆக மொத்தம் எட்டு வடிவங்கள். தமிழ் எழுத்தில் அத்தனையையும் துல்லியமாகக் காட்ட முடியாது, ஆனால் போக்கு புரியும். யோல் என்றால் வழி, யோல்ஜு பயணி. பாலிக் என்றால் மீன், பாலிக்ச்சி மீனவர். ஸூத் என்றால் பால், ஸூத்ச்சூ பால்காரர். எட்டையும் எட்டு விகுதிகளாக எழுதிவிடாதீர்கள். வேலைக்காரரில் ஒற்று மிகுந்து பால்காரரில் மிகாததால் '-காரர்' இரண்டாகிவிடுமா? அதே நியாயம்தான் இங்கும்.

பொருளில் தமிழோடு உள்ள நெருக்கம் வியப்பூட்டும். இனாத் என்றால் பிடிவாதம். இனாத்ச்சி அப்படியே நம் பிடிவாதக்காரர். தொழிலுக்கும் குணத்துக்கும் ஒரே விகுதியா என்று ஆங்கிலத்திலிருந்து வருகிறவர் தடுமாறலாம், தமிழர் தடுமாறத் தேவையில்லை. கஸெதெ என்றால் செய்தித்தாள். கஸெதெஜி எழுதுகிறவரும்தான், விற்கிறவரும்தான், நம் பத்திரிகைக்காரரைப் போலவே. வினை என்று வந்தால் துருக்கியிலும் வடிவம் மாறுகிறது: 'சாத்' என்ற விற்கும் வினையிலிருந்து சாத்திஜி, விற்பவர். பெயருக்கு ஒன்று, வினைக்கு ஒன்று என்ற நம் ஏற்பாட்டின் சாயல் அங்கேயும் இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்த சான்று கோஸ்லூக்ச்சூலூக். கோஸ் என்றால் கண். கோஸ்லூக், மூக்குக்கண்ணாடி. கோஸ்லூக்ச்சூ, கண்ணாடி செய்து விற்பவர். கோஸ்லூக்ச்சூலூக், அந்தத் தொழில். 'லூக்' என்ற அதே துண்டு ஒரே சொல்லில் இரண்டு முறை வருகிறது, முதலில் பொருளை உண்டாக்க, பிறகு தொழிலை உண்டாக்க. மொழிகளை ஒப்பிட அட்டவணை போடும்போது, ஒரு விகுதிக்கு முன்னும் பின்னும் என்னென்ன வரலாம் என்று தனியே ஒரு கட்டம் போடச் சொல்வது இதனால்தான்.

படி 6: உறவா, கடனா, தற்செயலா?

இரண்டு மொழிகளில் ஒத்த விகுதி கிடைத்துவிட்டால் மனம் துள்ளும். அந்த நேரத்தில்தான் நிதானம் வேண்டும். ஒற்றுமைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, உறவு. சமஸ்கிருதத்தின் 'கார'வும் பாரசீகத்தின் 'கார்', 'கர்' ஆகியவையும் செய்தல் என்ற ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை. காலப்போக்கில் ஒலிகள் தேயும் என்பதையும் நினைவில் வையுங்கள்: குயவரைக் குறிக்கும் கும்பகார என்பது இந்தியில் கும்ஹார் ஆகிவிட்டது, 'கார'வின் ககரமே போய்விட்டது. இன்றைய வடிவத்தை மட்டும் பார்ப்பவருக்கு உள்ளே ஒரு விகுதி இருந்ததே தெரியாது. தமிழின் '-காரர்' வடமொழிக் 'கார'வோடு தொடர்புடையது என்று அகராதிகள் காட்டுகின்றன. அங்கே அது உறவு அல்ல, கடன்.

கடன் என்பது இரண்டாவது. இதில் துருக்கி விகுதியின் பயணத்துக்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம். உஸ்மானியப் பேரரசு பரவிய இடமெங்கும் அது தங்கிவிட்டது. கிரேக்கத்தில் டாக்ஸி ஓட்டுபவர் தக்ஸிட்ஸீஸ். எகிப்து அரபியில் தபால்காரர் போஸ்தகி: தபாலுக்கு இத்தாலியச் சொல், விகுதி துருக்கியுடையது, பேசுவது அரபி. கிழக்குப் பக்கம் துருக்கிய மொழிகளிலிருந்து பாரசீகம் வழியாக இந்திக்கும் உருதுவுக்கும் வந்தது. கஜானாவைப் பார்த்துக்கொள்பவர் கஜான்சி, தீவட்டி பிடிப்பவர் மஷால்ச்சி, அபினுக்கு அடிமையானவர் அஃபீம்ச்சி.

இதில் புதியவர்கள் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. பொதுவாக விகுதி தனியாகக் கடன் போவதில்லை. முதலில் முழுச் சொற்கள் கூட்டமாகப் போகின்றன. கஜானா, கஜான்சி என்று பகுதியும் முழுச்சொல்லும் இணையாகக் கேட்டவர்கள், மிச்சமுள்ள 'சி'க்கு ஒரு வேலை இருப்பதைத் தாங்களே உணர்கிறார்கள். பிறகுதான் தங்கள் சொந்தச் சொல்லில் அதை ஒட்டிப் பார்க்கிறார்கள். ஆகவே 'கடன் விகுதி' என்று எழுதுவதற்கு முன், கொடுத்த மொழியில் இல்லாத பகுதியோடு அது சேர்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். அப்படி ஒரு சொல்லாவது கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் கடன் வாங்கியது சொற்களைத்தான், விகுதியை அல்ல.

ரஷ்ய மொழியின் '-நிக்' வேறு வேகத்தில் போனது. சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் 1957 அக்டோபர் 4 அன்று விண்ணில் ஏவப்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்க ஆங்கிலத்தில், சமூக வழக்கங்களை மறுத்து வாழ்ந்த இளைஞர்களைக் குறிக்கும் பீட்னிக் என்ற சொல் உருவானது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷ் பேசியவர்கள் வழியாக அந்த விகுதி அங்கே முன்பே கொஞ்சம் பழக்கமாகியிருந்தது; ஸ்புட்னிக் அதை எல்லார் வாயிலும் போட்டது. எதிர்ப்பக்கத்தில், ஆங்கிலம், ஜெர்மன் ஆகியவற்றின் '-அர்' லத்தீனின் '-ஆரியஸ்' என்பதிலிருந்து மிகப் பழங்காலத்தில் வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. இன்றைக்கு அதை யாரும் அந்நியமாக உணர்வதில்லை.

இந்தோனேசிய மொழியின் '-வான்' நமக்கு உடனே பிடிபடும். ஹர்த்தாவான் என்றால் செல்வந்தர், நம் தனவான் போல. வார்த்தாவான் என்றால் செய்தியாளர். கார்யாவான் ஆண் ஊழியர், கார்யாவாத்தி பெண் ஊழியர். குணவானும் குணவதியும் நினைவுக்கு வருகிறார்களா? பெயர்களில் பொதுவாக ஆண்பால் பெண்பால் பார்க்காத மொழி, சமஸ்கிருத விகுதியை வாங்கும்போது பாலையும் சேர்த்து வாங்கியிருக்கிறது.

மூன்றாவது, தற்செயல். டாக்டர், மருத்துவர் இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன. முதலாவதில் இருப்பது ஐரோப்பிய விகுதி, இரண்டாவதில் இருப்பது தமிழின் மரியாதைப் பன்மை 'அர்'. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் இந்தத் தற்செயல் ஒற்றுமையால் டிரைவர், யூடியூபர் போன்ற சொற்கள் தமிழில் மரியாதைச் சொற்களைப் போலவே உட்கார்ந்துகொண்டன. வேர் எப்படியிருந்தாலும் காதுக்கு ஒத்துப்போவதும் ஒரு சொல்லுக்கு வாழ்வு தரும்.

படி 7: ஆளிலிருந்து கருவி வரை

விகுதி ஆளை மட்டும் குறிக்கிறதா என்று ஒவ்வொரு மொழியிலும் கேளுங்கள். தமிழின் '-இ' இங்கே ஈடிணையற்றது. நாடோடி ஆள், மரங்கொத்தி பறவை, தொட்டாற்சுருங்கி செடி, ஒலிபெருக்கி கருவி. வினையைச் செய்வது எதுவாயினும் சரி என்கிறது. மின்மாற்றி, உலவி என்று புதுக் கலைச்சொற்களை ஆக்க இது இவ்வளவு கைகொடுப்பதற்குக் காரணமும் அதுதான். ஆங்கிலத்தின் '-அர்' விகுதியும் இரண்டு பக்கமும் போகும். கம்ப்யூட்டர் என்பது முன்பு கணக்குப் போடும் ஆளைக் குறித்த சொல். வேலை எந்திரத்துக்குப் போனபோது பெயரும் போனது. சமைப்பவரைக் குறிக்க 'குக்' என்ற சொல் ஏற்கெனவே இருந்ததால் 'குக்கர்' ஆளாகவில்லை, கருவியானது. இருக்கிற சொல் வருகிற சொல்லுக்கு வழிவிடாது என்ற இந்த விதியை எந்த மொழியிலும் தேடிப் பாருங்கள், கிடைக்கும். 1887இல் வெளியான எஸ்பெராந்தோ, திட்டமிட்டு ஆக்கிய மொழி என்பதால், தொழிலுக்கு '-இஸ்த்', கருவிக்கு '-இல்' என்று தனித்தனியே பிரித்துக் கொடுத்துவிட்டது.

படி 8: விகுதியே இல்லாத மொழி வந்தால்

கட்டாயம் வரும். அரபியில் க, த, ப என்ற மூன்று மெய்களுக்கு எழுதுதல் என்ற பொருள். இடையில் உயிர்களை மாற்றிப் போட்டால் காதிப், எழுதுகிறவர். பின்னால் எதுவுமே ஒட்டவில்லை. சுவாஹிலியில் சமைத்தலுக்குப் 'பிக்கா', சமைப்பவர் 'ம்பிஷி': முன்னால் 'ம்', பின்னால் 'இ', நடுவில் ககரம் ஷகரமாகிறது, மூன்றும் சேர்ந்துதான் ஆளை உண்டாக்குகின்றன. மலாயில் துலிஸ் என்றால் எழுது, பெனுலிஸ் எழுத்தாளர். முன்னொட்டு மட்டும் போதும், ஆனால் அது வினையின் முதல் எழுத்தையும் மாற்றிவிடுகிறது. சீனத்தில் பாடகரைக் குறிக்கும் கோஷோ என்ற சொல்லின் பின்பாதிக்குக் கை என்று பொருள். தனிச்சொல் ஒன்று விகுதியைப் போல வேலை பார்க்கிறது.

உங்கள் அட்டவணையில் இந்த மொழிகளின் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதாதீர்கள். அரபிக்கு 'உயிர் மாற்றம்', சுவாஹிலிக்கு 'முன்னும் பின்னும்', மலாய்க்கு 'முன்னொட்டு', சீனத்துக்கு 'தனிச்சொல்' என்று எழுதுங்கள். பக்கத்துக் கட்டத்தில், ஏற்கும் பகுதி பெயரா வினையா என்பதையும் குறியுங்கள். மொழிக்குப் பத்துச் சொற்களாவது பார்த்த பிறகு.